ஹா ஜாங் மலைப்பாதையில் இடப்பக்கம் போன வண்டி

மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மழை பிடித்தால் இன்னும் வலிக்கிறது. வியட்நாமின் வடகோடியில் இருக்கும் ஹா ஜாங் மலைச்சுற்றுக்குப் பைக் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் என்னிடமே வந்து யோசனை கேட்டார்கள். மூன்று பேரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நாலாவது ஆள் வருவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய சில விஷயங்கள் இருக்கின்றன. அப்புறம், சொல்லாமல் விட்டால் எனக்கே உறுத்தும் ஒரு குடும்பத்தின் கதையும் இருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. துணி வாங்கும் பையர் விலை பேசும்போதெல்லாம் "வியட்நாமில் இதைவிடக் குறைவு" என்று சொல்லிச் சொல்லி அந்த நாட்டின் மேலேயே எனக்கு ஒரு கடுப்பு இருந்தது. 2024 நவம்பரில் ஹனோய் பக்கம் இரண்டு ஃபேக்டரிகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் கம்பெனி அனுப்பியது. வேலை முடிந்ததும் ஆறு நாள் லீவு சேர்த்துக்கொண்டேன். கூட யாரும் இல்லை. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தனியாக ஊர் சுற்றப் போகிறோம் என்ற மிதப்பு.

ஹனோயில் முதல் நாள் மாலையே ஒரு பாடம் கிடைத்தது. ஹோவான் கியெம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஒருவன் சிரித்துக்கொண்டே வந்து காலடியில் உட்கார்ந்தான். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் என் செருப்பின் ஓரத்தில் பசையைத் தடவித் தைக்கவும் ஆரம்பித்துவிட்டான். முடித்துவிட்டு 3 லட்சம் டாங் கேட்டான். நம் கணக்கில் ஆயிரம் ரூபாய். (1 ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனக்கணக்குக்கு அது போதும்.) பேசிப் பேசி 1 லட்சம் கொடுத்துத் தப்பித்தேன். பிறகு விசாரித்தால் அந்த ஏரிக்கரையில் இது பழைய வித்தையாம். காசு போனதை மறந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எவன் சிரித்தாலும் கை தானாகப் பர்ஸைத் தொட்டது. இரண்டு நாள் கழித்து நான் நடந்துகொண்ட விதத்துக்கு இந்த ஏரிக்கரை வித்தைதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

ஹனோயிலிருந்து ஹா ஜாங் நகரத்துக்கு 300 கிலோமீட்டர், படுக்கை பஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்கு மேல். (2025 ஜூலையில் ஹா ஜாங் மாகாணத்தைத் துயென் குவாங் மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். டிக்கெட் தேடும்போது புதுப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) விடியற்காலையில் இறங்கி, வண்டி வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனேன். உள்ளூர் ஆள் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போகலாம், 'ஈஸி ரைடர்' என்பார்கள். மூன்று நாளுக்கு 46 லட்சம் டாங் கேட்டார்கள். பதினைந்தாயிரம் ரூபாய்! எட்டாவது படிக்கும்போதே அப்பாவின் டிவிஎஸ் ஃபிப்டியைத் திருடி ஓட்டிய ஆள் நான். பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்க்கவா? நாளுக்கு 2 லட்சம் டாங் வாடகையில் 110 சிசி ஹோண்டா வேவ் ஒன்றை எடுத்தேன். கிளட்ச் கிடையாது, கியர் மட்டும் உண்டு. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். திருப்பூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை நீட்டினேன். தலையாட்டினார்கள். அடமானமாகப் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், பிற்பாடு பணம் போனதெல்லாம் இந்த இடத்தில்தான். நம் அரசு தரும் அந்தப் புத்தகம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தருவது. அட்டையிலேயே அந்த வருஷம் அச்சாகியிருக்கும், நான்தான் படிக்கவில்லை. வியட்நாம் ஒப்புக்கொள்வது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரும் அனுமதியை. ஆக, அங்கே என் புத்தகம் வெறும் காகிதம். வாடகைக் கடையில் வண்டி கொடுக்கிறார்கள் என்பதாலேயே அது செல்லும் என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் உண்டு, 2025 ஜனவரியிலிருந்து அது நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆனால் அபராதம் சின்ன விஷயம். செல்லாத லைசென்ஸோடு ஓட்டி விழுந்தால் டிராவல் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது. 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அதையும் உங்கள் பாலிசி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பாஸ்போர்ட்டை அடமானம் வைப்பதும் மடத்தனம். கூடுதலாக ரொக்கம் கட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதே அதைத்தான். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கடையில் கொடுத்த மெல்லிய தொப்பியை வேண்டாமென்று சொல்லி முகம் மூடும் முழு ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கியது.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குவான் பாவில் இரட்டைக் குன்றுகளைப் பார்த்தேன், யென் மின்னில் தங்கினேன். சுமார் 100 கிலோமீட்டர், நன்றாகவே ஓட்டினேன். அதனால் வந்த திமிர்தான் மறுநாள் கீழே தள்ளியது. யென் மின் தாண்டி டோங் வான் போகும் வழியில் மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். 2010-இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா என்று சேர்த்துக்கொண்ட பீடபூமி அது. பாறை இடுக்குகளில் ஒரு கைப்பிடி மண் இருந்தாலும் அதில் மக்காச்சோளம் ஊன்றி வைத்திருப்பார்கள். நவம்பரில் பக்வீட் என்ற தானியப் பயிர் பூக்கும், மலைச்சரிவெல்லாம் இளஞ்சிவப்பு. ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தி, உள்ளே போய்ப் படம் எடுக்க 10,000 டாங் கொடுத்தேன். திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

எடுத்தது இடது பக்கத்தில்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் முழுக்க அது எனக்கு நினைவில் இருந்தது, எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்ததால் மூளை விழித்திருந்தது. அந்த இடத்தில் சாலை காலியாகக் கிடந்தது. இருபது வருஷப் பழக்கம் கையைத் திருப்பிவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை. இருநூறு மீட்டர் போயிருப்பேன். வளைவில் ஒரு லாரி நேருக்கு நேர் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் வலதுபுறம் வெட்டினேன், முன் பிரேக்கை அழுத்தினேன், கீழே சரளை. அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சறுக்கிப் போய் ஓரக் கால்வாயில் விழுந்தேன். வலது முழங்கால் தோல் உரிந்து கிடந்தது. இடது கையை ஊன்றி எழப் பார்த்தேன், கை மணிக்கட்டில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வலி வருவதற்கு முன்னால் வாந்தி வந்தது.

வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பு வராது, நிறுத்தி எடுக்கும்போதுதான் வரும். டீ குடித்து, படம் எடுத்து, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து கிளப்பும் அந்த முதல் நிமிஷம்தான் ஆபத்து. ஸ்பீடோமீட்டர் மேல் வலது பக்கம் அம்புக்குறி போட்டு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். தப்பு என்னுடையது, திட்டியிருந்தாலும் நியாயம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புதரிலிருந்து இரண்டு கிளைகளை ஒடித்து வளைவுக்கு முன்னால் சாலையில் போட்டார், நம் ஊர் லாரிக்காரர்கள் செய்வது போலவே. பிறகு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மேலேயிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். முதுகில் மூங்கில் கூடை, இரண்டு கைகளும் சணல் மாதிரி ஒரு நாரை முறுக்கி ஒட்டிக்கொண்டே இருந்தன. மோங் இனத்துப் பெண்கள் நடக்கும்போதும் அந்த நார் வேலையை விடுவதில்லை. அவருக்கு அறுபது வயதிருக்கும். என் கையைப் பார்த்ததும் நாரைச் சுருட்டி இடுப்பில் செருகிவிட்டு, கூடையை இறக்கி வைத்தார். அவரும் லாரிக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள மேட்டின் மேலிருந்த வீட்டுக்கு ஏறினேன். பைக் கீழேயே கிடந்தது. என் பை மட்டும் யார் முதுகிலோ வந்துகொண்டிருந்தது. அதில் 600 டாலர் இருந்தது. கை ஒடிந்த மனிதனின் மனம் எங்கே இருந்தது தெரியுமா? அந்தப் பையின் மேல்தான். நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்மணியும் அதைக் கவனித்தார்.

மண்ணை இடித்துக் கட்டிய சுவர், கல் அடுக்கிய வேலி, உள்ளே இருட்டு. அடுப்புக்கு மேல் உத்திரத்தில் சோளக் கதிர்கள் தோரணமாகத் தொங்கின. போனை எடுத்து, பதிவிறக்கி வைத்திருந்த வியட்நாம் மொழியில் "ஆஸ்பத்திரி எங்கே" என்று பேச வைத்தேன். அந்தப் பாட்டி சிரித்தார். அவருக்கு வியட்நாம் மொழி தெரியாது, மோங் மட்டும்தான். கூகுளில் மோங் மொழியும் இருக்கிறது, ஆனால் எழுத்தாக வரும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தொழில்நுட்பம் அங்கே முடிந்தது. பன்னிரண்டு வயதுப் பேத்தி ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் வியட்நாம் மொழி படிப்பவள். நான் பேசியது ஆங்கிலத்திலிருந்து போன் வழியாக வியட்நாம் மொழிக்கும், அவள் வாய் வழியாக மோங்குக்கும் போனது. மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் பெரியவர்களிடம் போனை நீட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். சிம் விஷயத்தில் வியட்டெல் வாங்குங்கள், அந்த மேட்டிலும் சிக்னல் இருந்தது.

பாட்டி எதையோ மென்று பச்சையாகக் கையில் எடுத்துக்கொண்டு என் முழங்காலை நோக்கி வந்தார். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். முகத்தில் அருவருப்பும் தெரிந்திருக்கும், மறைக்கத் தோன்றவில்லை. அவர் ஒரு கணம் நின்றார். கையிலிருந்ததை வாசலில் எறிந்துவிட்டு, அலுமினியப் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து உப்பைப் போட்டுக் கலக்கி, விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, அதில் நனைத்த துணியால் சரளையை ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கள் அம்மாயியும் தும்பை இலையை மென்று காயத்தில் அப்பியவர்தான். அது நினைவுக்கு வந்தபோது பேசின் தண்ணீர் சிவப்பாகியிருந்தது. பிறகு இரண்டு மூங்கில் பத்தைகளைக் கைக்கு மேலும் கீழும் வைத்துத் துணிப்பட்டையால் கட்டினார். அந்தக் கட்டு அவ்வளவு நேர்த்தி, ஆஸ்பத்திரியில் பிரிக்கும்போது டாக்டர் படமெடுத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸுக்கு அங்கே 115, போலீசுக்கு 113. அந்த மலையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்று பாட்டியின் மகன் சொல்லிவிட்டார். சோளத் தட்டை அறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருந்தார். அவர் ஓட்ட, நடுவில் நான், என் பின்னால் பக்கத்து வீட்டு ஆள் என்னைக் கட்டிப் பிடித்தபடி, ஒரே பைக்கில் மூன்று பேராக 18 கிலோமீட்டர் யென் மின்னுக்குத் திரும்பிப் போனோம். பை வீட்டிலேயே இருந்தது. எடுத்து வரச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்டார்கள், போனில் இருந்த படத்தைக் காட்டினேன். முன்பணம் கேட்டார்கள், சட்டைப் பையில் 70,000 டாங்தான் இருந்தது. நம் ஊர் யுபிஐ பழக்கத்தில் ரொக்கத்தை எல்லாம் ஒரே பையில் போட்டு வைத்திருந்தேன். அந்த மனிதர் சட்டைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து 5 லட்சம் டாங் எண்ணிக் கட்டினார். என் பெயர்கூட அப்போது அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு முடிய மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் கடைசியில் எவ்வளவு கேட்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரிக்கரைச் செருப்புக்காரன் கண் முன்னாலேயே நின்றான்.

இப்போது யோசித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் வெளிச்சமாகத் தெரிகிறது. செருப்புக்காரன் எனக்குத் தேவையே இல்லாத உதவியோடு, நான் கேட்காமல், ஆள் நடமாட்டமுள்ள சுற்றுலா இடத்தில், அவனாகவே வந்தான். காலடியில் உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டான். இவர்கள் அவரவர் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார்கள், வேண்டாமென்றால் விட்டார்கள். வெளியூரில் யாராவது உதவ வந்தால் நான் இப்போது இதைத்தான் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. என் பை உத்திரத்தில், சோளக் கதிர்களுக்கு நடுவே உயரத்தில் தொங்கியது. நாய், கோழி, குழந்தைகள் யாருக்கும் எட்டாது. ஜிப்பின் இரண்டு வளையங்களையும் சேர்த்து அந்தச் சணல் நாரால் முடிச்சுப் போட்டிருந்தார் பாட்டி. நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, யாரும் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட முடிச்சு. எனக்கு அப்படித்தான் பட்டது. அதை ஒரு கையால் அவிழ்க்க முடியாமல் பேத்திதான் அவிழ்த்துக் கொடுத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று கார்த்திகை பிறந்து மூன்றாவதோ நாலாவதோ நாள். எங்கள் வீட்டில் கார்த்திகை முழுக்கக் கவிச்சி கிடையாது. அவர்களோ விருந்தாளிக்காகக் கோழி அடித்துவிட்டார்கள். மோங் மக்கள் வளர்க்கும் கருங்கோழி, தோலும் எலும்பும் கறுப்பாக இருக்கும். சட்டியில் கறுப்புக் காலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கோழிகள் நிறைய வைத்திருக்கும் வீடு இல்லை அது, வாசலில் மூன்றோ நாலோதான் மேய்ந்துகொண்டிருந்தன. "நான் சாப்பிட மாட்டேன்" என்பதைப் போனில் தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். சாப்பிட்டேன். ஊருக்கு வந்து வீட்டில் சொன்னபோது, "ஏனுங்க, கோழியை அடிச்சு வெச்சவங்க முன்னால வேற என்ன பண்ணுவீங்க" என்று முடித்துவிட்டாள் மனைவி. கோழியோடு மென் மென் என்று ஒன்று. மக்காச்சோளத்தைக் கல்லில் திரித்து, இரண்டு தடவை ஆவியில் வேக வைத்து உதிர்ப்பது. பார்க்க நம் புட்டு மாதிரிதான், ஆனால் தேங்காயும் கிடையாது, இனிப்பும் கிடையாது. தொண்டையில் அடைக்கும், கீரைச் சாற்றை ஊற்றித்தான் இறக்க வேண்டும். சோளச் சாராயமும் ஊற்றினார்கள். மறுநாள் வண்டி தொடும் எண்ணமிருந்தால் அதைத் தொடாதீர்கள், குடித்துவிட்டு ஓட்டினால் அங்கே 2020 முதல் துளியளவுக்கும் மன்னிப்பில்லை. எனக்குத்தான் வண்டி கிடையாதே, ஒரு கிண்ணம் குடித்தேன். மாத்திரை போட்டிருந்தேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

காலையில் 20 லட்சம் டாங்கை எடுத்து மகனிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். வாங்கி, உட்கார்ந்து, எண்ணி, ஆஸ்பத்திரியில் கட்டிய 5 லட்சத்தையும் பெட்ரோலுக்கு 60,000-ஐயும் தனியாக எடுத்துக்கொண்டு மீதியை என் மடியில் வைத்தார். கோபமோ பெருமையோ இல்லை, கடைக்காரர் சில்லறை கொடுப்பது போல. மறுபடி நீட்டினால் அசிங்கமாகிவிடும் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் இதுவும் உறுத்தியது. அறுவடை நேரத்தில் இரண்டு ஆண்களின் ஒரு பகல், ஒரு கோழி, பாட்டியின் ஒரு நாள் நார் வேலை. என் முட்டாள்தனத்துக்கு அவர்கள் கட்டிய தொகை அது. அந்தப் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

வாடகைக் கடைக்குப் போன் செய்ததில், இரண்டு பையன்களை அனுப்பினார்கள், ஒருவன் உடைந்த வண்டியை ஓட்ட, ஒருவன் என்னை ஏற்றிக்கொள்ள. என்னை ஏற்றிக்கொண்டவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், ஆங்கிலம் பேசினான், என்னை 'அன்' என்று கூப்பிட்டான். அண்ணன் என்று அர்த்தம். வியட்நாம் மொழியில் நான், நீ என்று மொட்டையாகப் பேசுவதே அபூர்வம். அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா, பாட்டி என்று உறவு வைத்துத்தான் முன்பின் தெரியாதவரையும் அழைக்கிறார்கள். பேத்தி என்னை 'சூ' என்று கூப்பிட்டதைப் பெயர் தெரியாததால் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன், சித்தப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். நன்றி சொல்ல 'காம் அன்' மட்டும் மனப்பாடம் செய்து போவதைவிட, வயதான பெண்ணுக்கு 'பா', அண்ணன் வயதுக்காரருக்கு 'அன்', அக்கா வயதுக்கு 'சி' என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் முகங்கள் மாறுவதைப் பார்க்கலாம். அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட்டே பழகிய நமக்கு இது கஷ்டமே இல்லை.

பணம் திரும்பி வந்த கதையை அந்தத் தம்பியிடம் சொன்னேன். "நீங்கள் கூலி கொடுத்தீர்கள், அவர்கள் கூலிக்கு வரவில்லையே. வீட்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்" என்றான். வழியில் கடையில் நிறுத்தி 25 கிலோ அரிசி மூட்டை, 5 லிட்டர் எண்ணெய், ஒரு டஜன் நோட்டு வாங்கினோம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அதை இறக்கினோம். பாட்டி அரிசி மூட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்து வைத்தார். உதவிக்குப் பதில் செய்ய நினைப்பவர்கள் உள்ளூர் ஆள் ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகள் கையில் பணமோ மிட்டாயோ திணிக்காதீர்கள். அந்தச் சாலையில் பூக்கூடையோடு படத்துக்கு நிற்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள், பள்ளி நேரத்தில்.

இனிச் செலவுக் கணக்கு. யென் மின் ஆஸ்பத்திரி 2,800 ரூபாய். வண்டிச் சேதத்துக்கு வாடகைக் கடை பிடித்தது 14,000. அதில் ஒடிந்து தொலைந்த வலப்பக்கக் கண்ணாடிக்கு மட்டும் 500. பையன்களுக்கு 5,000. ஹனோய்க்கு வேன் 1,500. ஹனோயில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மறுபடி எக்ஸ்ரே, ஆலோசனை 12,000. டிக்கெட் தேதி மாற்றியது 16,500. மொத்தம் 51,800 ரூபாய், பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய். இன்ஷூரன்ஸில் கேட்டேன், ஒன்றரை மாதம் காகிதம் அனுப்பினேன், செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். கோபப்பட்டேன், பிறகு பாலிசியை முழுசாகப் படித்தேன். அவர்கள் சொன்னது சரி. ஆறு வாரம் ஒற்றைக் கையால் மெயில் அடித்தேன், சட்டைப் பொத்தானை மகன் போட்டுவிட்டான்.

பாட்டி வீட்டு மகனிடம் ஸாலோ இருக்கிறது, நம் வாட்ஸ்அப் மாதிரி. அதில் பேத்தி எப்போதாவது ஏதாவது அனுப்புவாள். போன அக்டோபரில் ஒரு படம் வந்தது. வாசல் தூணில், அதே சணல் நாரால் கட்டியபடி, என் வாடகை வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஐந்நூறு ரூபாய்க் கண்ணாடி என்று மனைவியிடம் காட்டினேன்.